மூன்று சூரியன்களும் ஒரு முடியும்

இயற்கையின் அரிய காட்சியொன்றைப் புலவன் தன் படைப்பில் எடுத்தாளும்போது, அக்காட்சி எத்தன்மையது என்பதை அறிந்து படிப்பது ஒன்று; அறியாது படிப்பது வேறொன்று. அறியாது படிப்போர்க்கு அது வெறும் வியப்பாக நின்றுவிடும். அறிந்து படிப்போர்க்கோ, புலவன் எதனை உள்ளவாறே கொண்டான், எதனைக் கூட்டினான், எதனை மாற்றினான் என்பன புலப்படும். அவன் மாற்றிய இடத்திலேதான் பெரும்பாலும் அவனுடைய கருத்து உறைகின்றது.

ஷேக்ஸ்பியரின் ‘ஆறாம் ஹென்றி’ நாடகத்தின் மூன்றாம் பகுதியில், இரண்டாம் அங்கத்தின் முதற் காட்சியை இந்நோக்கோடு ஈண்டு ஆராய விழைகின்றோம். யார்க் கோமகனின் மைந்தர்களான எட்வர்டும் ரிச்சர்டும் தம் தந்தையின் நிலை அறியாது கலங்கி நிற்கையில், வானத்தே மூன்று சூரியன்கள் தோன்றுகின்றன. தோன்றியவை ஒன்றோடொன்று கூடி ஒரே சூரியனாகின்றன. இதனைக் கவிஞரின் இளமைக்கால நாடகத்தில் கூட்டத்தாரை மகிழ்விக்கச் சேர்த்த வேடிக்கை என்று எண்ணுவார் உளர். அவ்வாறு கொள்ளுதல் பொருந்தாது என்பதும், இந்நாடகத்துக்கும் இதனைத் தொடர்ந்த ‘மூன்றாம் ரிச்சர்டு’ நாடகத்துக்கும் இக்காட்சியே வித்து என்பதும் நம் துணிபு.

வரலாற்றில் நிகழ்ந்தது

இது கவிஞரின் கற்பனையில் பிறந்த காட்சி அன்று. இங்கிலாந்தின் அரசுரிமைக்காக யார்க் குடியினரும் லங்காஸ்டர் குடியினரும் பொருத காலத்தில், 1461ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களின் தொடக்கத்தில், வேல்ஸ் எல்லையை அடுத்த மோர்டிமர்ஸ் கிராஸ் என்னுமிடத்தில் போர் மூண்டது. போர் நாள் பிப்ரவரி 2 என்பர் பலர். 3 என்பாரும் உளர். அப்போரையொட்டிக் காலை பத்து மணியளவில் வானில் மூன்று சூரியன்கள் ஒளிர்ந்தன என்றும், கண்டோர் திகைத்து அஞ்சினர் என்றும் அக்காலத்தை ஒட்டிய ஆங்கிலக் குறிப்பேடு ஒன்று கூறுகின்றது. யார்க் படைக்குத் தலைமை தாங்கிய எட்வர்டுக்கு அப்போது வயது 18. அவன் தன் வீரர்களைத் தேற்றி, இது நன்னிமித்தமே என்றும், கிறித்தவர் போற்றும் மூவொருமையை இம்மூன்றும் குறிக்கின்றன என்றும் உரைத்தானாம். போரில் அவனே வென்றான். மார்ச் 4ஆம் நாள் அரசனாகவும் ஆனான்.

ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, 1548இல் வெளிவந்த எட்வர்டு ஹால் என்பாரின் வரலாற்று நூலில் இக்காட்சி சற்றே மாறுகின்றது. மூன்று சூரியன்களும் திடீரென ஒன்றாய்க் கூடின என்னும் செய்தி அங்கே இடம்பெறுகின்றது. சிலர் எழுதியவாறு என்னும் காப்புரையோடுதான் அவர் அதனைச் சொல்கின்றார். எட்வர்டு பிற்காலத்தில் சுடர்விடும் சூரியனைத் தன் சின்னமாகக் கொண்டதற்கு இதுவே காரணம் என மக்கள் கருதினர் என்றும் குறிக்கின்றார். இந்நூலே ஷேக்ஸ்பியர்க்கு மூலநூல்களுள் ஒன்று.

வானியற்கை

இனி, இம்மூன்று சூரியன்கள் யாவை என்பதைக் காண்போம். வானில் மிக உயரத்தே வெண்திரைபோற் படரும் மெல்லிய முகிலில் இருப்பவை நுண்ணிய பனிக்கட்டிப் படிகங்கள். அவற்றுட் பல அறுகோண வடிவின. கதிரொளி அத்தகைய படிகத்தின் ஒரு பக்கத்திற் புகுந்து, அடுத்த பக்கத்தை விட்டு அதற்கும் அடுத்த பக்கத்தின் வழியே வெளியேறுமாயின், அவ்விரு பக்கங்களும் 60 பாகைக் கோணத்தில் அமைந்தமையால், முப்பட்டகக் கண்ணாடியிற் புகுந்த ஒளிபோல் வளைகின்றது. அவ்வளைவு ஏறத்தாழ 22 பாகைக்குக் குறைவதில்லை. படிகங்கள் எத்திசையும் நோக்கிப் புரண்டு மிதந்தால், சூரியனைச் சுற்றி 22 பாகைத் தொலைவில் முழுவட்டம் தோன்றும். நிலவைச் சுற்றி இவ்வாறு தோன்றுவதையே நம் மக்கள் வட்டம் என்றும், கோட்டை கட்டுதல் என்றும் கூறுவர். பரிவேடம் என்பதும் ஊர்கோள் என்பதும் நூல்வழக்கு. தகடுபோன்ற படிகங்கள் விழும் இலைபோற் படுக்கையாக மிதந்து இறங்கினால், சூரியன் நிற்கும் அதே உயரத்தில் வலமும் இடமுமாக இரண்டு ஒளித்திரள்கள் சுடர்விடும். அவையே போலிச் சூரியன்கள்.

கையை முழுக்க நீட்டி விரல்களை அகல விரித்தால், கட்டைவிரல் நுனிக்கும் சுண்டுவிரல் நுனிக்கும் இடையே அமையும் வெளி ஏறத்தாழ இந்த 22 பாகை. அவ்வளவு தொலைவில் நிற்பவை அவை. பிப்ரவரித் தொடக்கத்தில் அவ்விடத்தில் சூரியன் நண்பகலிலும் 25 பாகை உயரத்தை எட்டாது. ஆகவே காலை பத்து மணிக்குத் தாழ்ந்து நிற்கும் சூரியனின் இருமருங்கும் போலிச் சூரியன்கள் தோன்றினவென்பது முற்றிலும் இயல்பே.

நாடகத்தைப் படிப்பதற்கு இவற்றுள் மூன்று செய்திகளை நாம் மனத்திற் கொள்ளவேண்டும். முதலாவது, போலிச் சூரியன் முழுவட்டமான ஞாயிறு போன்றதன்று. சூரியனை நோக்கிய விளிம்பில் செம்மையும், வெளிப்புறத்தே வெளிறிய வாலும் உடையது. அதன் ஒளியோ இரவல் ஒளி. இரண்டாவது, அது சூரியனோடு ஒருபோதும் கூடுவதில்லை. சூரியன் மேலே எழ எழ அது மேலும் விலகிச் செல்லும். 61 பாகை உயரத்துக்குமேல் சூரியன் எழுந்தால் தோன்றவே தோன்றாது. முகில் கலையும்போது நின்ற இடத்திலேயே மங்கி அவிந்துபோகும். மூன்றாவது, ஒருவன் காணும் போலிச் சூரியன் அவனுடைய கண்ணுக்கு உரிய கோணத்தில் அமைந்த படிகங்களால் ஆனது. பக்கத்தில் நிற்பவன் காண்பது வேறு படிகங்களின் ஒளியை. எனவே ஒரு களத்தில் ஆயிரம்பேர் நின்றால் ஆயிரவரும் தத்தமக்குரிய மூன்று சூரியன்களைக் காண்பர்.

இத்தகைய தோற்றங்களை நிமித்தமெனக் கொள்ளாது இயற்கையின் வினையெனக் கொண்டு ஆராயும் மரபு 1461ஆம் ஆண்டுக்கு நெடுநாள் முன்னரே அரபு மொழியில் வேரூன்றியிருந்தது. பஸ்ராவிற் பிறந்து கெய்ரோவில் மறைந்த இப்னுல் ஹைதம் (965–1040) வானவில்லையும் பரிவேடத்தையும் பற்றித் தனிநூலே யாத்தார். அவருடைய விளக்கம் நிலைபெறவில்லை. வானவில்லைப் பொறுத்தவரை அவர் வழிவந்த கமாலுத்தீன் அல்ஃபாரிஸீ, நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளத்தைக்கொண்டு ஆராய்ந்து அதனைத் திருத்தினார். பரிவேடத்துக்குப் படிகக் கோணமே காரணம் என்பது 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் மாரியோட் வாயிலாகத் தெளிவாயிற்று. ஆயினும், உண்மையை நாடுவோன் தான் படிக்கும் நூல் முழுமைக்கும் பகைவனைப்போல் நின்று ஆராயவேண்டும், தன் கருத்தையும் ஐயுறவேண்டும் என்று பதோலமி பற்றிய தம் திறனாய்வு நூலில் இப்னுல் ஹைதம் வகுத்த நெறி இன்றும் திறனாய்வாளர்க்கு விளக்காகும். ஷேக்ஸ்பியர் என்னும் பெரும்பெயருக்கு முன்னும் அந்நெறியைக் கைவிட வேண்டுவதில்லை.

ஓவியனும் நாடகக் கவியும்

ஒரே வகைக் காட்சியை ஓவியனும் கவிஞனும் எவ்வாறு வெவ்வேறாகக் கையாள்வர் என்பதற்குச் சுவீடன் நாட்டிலிருந்து ஒரு சான்று கூறலாம். 1535ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் ஸ்டாக்ஹோம் நகர வானத்தில் வட்டங்களும் வில்களும் போலிச் சூரியன்களும் ஒருங்கே தோன்றின. சமயச் சீர்திருத்தவாதியான ஓலாஸ் பெத்ரி அதனை ஓவியமாகத் தீட்டச் செய்தார். மூல ஓவியம் இன்றில்லை. 1636இல் எழுதப்பெற்ற படியே அந்நகரின் பெருங்கோயிலில் இருக்கின்றது. அங்கும் அரசர் குஸ்தாவ் வாசாவுக்கு எதிரான நிமித்தமாக அது பேசப்பட்டதுண்டு. எனினும் ஓவியன் கண்டதை வரைந்தான்; அவனுடைய வளையங்களுட் பலவற்றை இன்றைய அறிஞர் பெயர் சுட்டி இனங்காண முடிகின்றது. நாடகக் கவியோ கண்டவன் அல்லன், நூலிற் படித்தவன். அவன் மாற்றங்களுக்கு வேறு கணக்கு உண்டு.

1595இல் வெளிவந்த இந்நாடகத்தின் முற்பதிப்பில், வானில் மூன்று சூரியன்கள் தோன்றவேண்டும் என்னும் மேடைக்குறிப்பு காணப்படுகின்றது. கூரையற்ற அரங்கில் மெய்யான பகலொளியில் நாடகம் நடந்த காலம் அது. மேடைக் கருவி எதுவாயினும், காண்போர் மனத்தில் அதனை எழுப்பியது பாத்திரங்களின் சொல்லே.

அச்சொல்லைக் கூர்ந்து நோக்குவோம். முதலில் கண்டு தன் கண்ணையே ஐயுறுபவன் எட்வர்டு. விவரிப்பவனோ ரிச்சர்டு. வெளிறிய தெளிவானில் அவை தனித்தனியே நிற்கின்றன என்கின்றான் அவன். வெளிறிய வானம் என்பது உண்மைக்கு மிக அணித்தான சொல். பனிப்படிகத் திரை படர்ந்த வானின் நிறம் அதுவே. ஆனால் அடுத்து அவன் சொல்பவை இரண்டும் இயற்கைக்கு மாறானவை. மூன்றும் குறைவற்ற முழுச் சூரியன்கள் என்கின்றான். பின்னர், அவை அழியா உடன்படிக்கை செய்துகொள்வனபோல் தழுவி முத்தமிட்டு ஒன்றாயின என்கின்றான். ஒன்று கூடல் ஹால் நூலில் உள்ளது; உடன்படிக்கையும் முத்தமும் கவிஞர் சேர்த்தவை. எட்வர்டு உடனே அதற்குப் பொருள் காண்கின்றான்: பிளான்டாஜெனட் குலத்தின் மைந்தர் தம் ஒளிகளை ஒன்றுசேர்த்து உலகை ஆளவேண்டும் என்பதாம். தன் கேடயத்தில் மூன்று சூரியன்களைப் பொறிப்பேன் என்றும் கூறுகின்றான்.

வரலாற்று எட்வர்டு கூறிய சமயப் பொருள் இங்கே மறைந்து, உடன்பிறந்தார் மூவர் என்னும் குடும்பப் பொருள் வந்து அமர்ந்துவிட்டது. இதற்காகக் கவிஞர் வரலாற்றைப் பெரிதும் வளைத்திருக்கின்றார். மோர்டிமர்ஸ் கிராஸ் போரின்போது ரிச்சர்டு 8 வயதுச் சிறுவன். ஜார்ஜுக்கு 11 வயது. இருவரும் அக்களத்தில் இல்லை. தந்தை யார்க் கோமகன் 1460 டிசம்பர் 30ஆம் நாள் வேக்ஃபீல்டிற் கொல்லப்பட்டமையை அறிந்த பின்னரே எட்வர்டு போரிட்டான். நாடகத்திலோ சூரியன்கள் மறைந்த பின்னரே சாவுச் செய்தி வந்து சேர்கின்றது. அவ்வாறாயின் சூரியன்கள் கூறியது யாது? வெற்றியையா, இறப்பையா? கவிஞர் விடை கூறாமல் தூதனை உள்ளே வரவிடுகின்றார்.

மற்றொன்றும் காண்க. யார்க்கின் வளர்ந்த மைந்தர் மூவரல்லர், நால்வர். ரட்லண்டு என்னும் எட்மண்டும் வேக்ஃபீல்டில் மாண்டான். நாடகத்தில் அவனது கொலையை அவையோர் முன்னரே கண்டுவிட்டனர். மேடையில் நிற்கும் தமையனும் தம்பியும் இன்னும் அறியார். நான்காமவன் இறந்ததனாற்றான் மூன்று என்னும் எண் பொருந்துகின்றது. மூன்றாமவனான ஜார்ஜோ அப்போது மேடையிலேயே இல்லை. ஒற்றுமைக்கு நிமித்தமெனக் கொண்ட காட்சியைக் காண இருவரே நிற்கின்றனர்! அந்த இருவருள்ளும் உடனே பிளவு எழுகின்றது. சூரியனைப் பொறிப்பேன் என்ற தமையனை, பெண்மோகம் உடையவன் நீ என்னும் குறிப்புப்படத் தம்பி எள்ளுகின்றான். பின்னர் எட்வர்டு செய்துகொள்ளும் காதல் திருமணமே ஜார்ஜை அவனிடமிருந்து பிரிக்கின்றது என்பதை நினைத்தால், இவ்வெள்ளல் வீண்சொல் அன்று என்பது விளங்கும்.

முத்தமும் ஒளியும்

சூரியன்களின் முத்தத்தை நாடகத்தின் இறுதிக் காட்சியில் கவிஞர் மீண்டும் கொணர்கின்றார். அரியணையில் அமர்ந்த எட்வர்டு, தன் கைக்குழந்தையை முத்தமிடுமாறு தம்பியர் இருவரையும் வேண்டுகின்றான். ரிச்சர்டு முத்தமிடுகின்றான், தன் ஆசானை முத்தமிட்டே காட்டிக்கொடுத்ததாகக் கிறித்தவர் கூறும் யூதாஸின் முத்தத்துக்கு அதனை ஒப்பிட்டுத் தனக்குள் உரைக்கின்றான். வானில் முத்தத்தைக் கண்டதாக வருணித்த வாயே மண்ணில் வஞ்ச முத்தத்தை இடுகின்றது. அதற்கு முன்னரே, தனக்கு உடன்பிறந்தார் எவருமில்லை, தான் தனியன் என்றும், ஜார்ஜ் தனக்கு வரும் ஒளியை மறைத்து நிற்கின்றான் என்றும் அவன் கூறிவிட்டான். ஒளிகளை ஒன்றுசேர்க்கும் பேச்சு, ஒளியை மறைப்பவனை அகற்றும் பேச்சாக மாறியது.

மெய்யான வானில் போலிச் சூரியன்கள் கூடுவதில்லை, ஒவ்வொன்றாய் அவிந்துபோகும் என்று மேலே கண்டோம். வரலாற்றிலும் நாடகத்திலும் நடந்தது அதுவே. கிளாரன்ஸ் கோமகனான ஜார்ஜ் 1478இல் லண்டன் கோபுரச் சிறையில் மாண்டான். எட்வர்டு 1483இல் நோயுற்று மறைந்தான். ரிச்சர்டு 1485 ஆகஸ்டு 22ஆம் நாள் பாஸ்வொர்த் களத்தில் வீழ்ந்தான். ஹால் நூலின் தவறான இயற்கைச் செய்தியைக் கவிஞர் ரிச்சர்டின் வாயில் வைத்தார். பின்வந்த நிகழ்ச்சிகளோ அதனைப் பொய்யாக்கிவிட்டன. அறியாமையாற் கொண்ட பிழைதான் எனினும், நாடகத்தின் போக்கில் அது ஒரு பாத்திரத்தின் பொய்ச்சான்றாகப் பயன்படுகின்றது. குறைவற்ற முழுச் சூரியன் மூன்று என்பதும் அத்தகையதே. முடி ஒன்று, அதன் அருகில் நிற்போர் இரவல் ஒளியில் சுடர்பவர். தம்மை முழுச் சூரியன் எனக் கருதியதே இக்குடியின் அழிவு.

‘மூன்றாம் ரிச்சர்டு’ நாடகத்தின் தொடக்கத்தில் ரிச்சர்டு கூறும் புகழ்பெற்ற தனிமொழியில் சூரியனும் மைந்தனும் ஒலியால் ஒன்றாகும் சிலேடை உண்டு. அதனைச் சொல்விளையாட்டாக மட்டும் கண்டு கடந்துவிடலாகாது. அச்சூரியன் மோர்டிமர்ஸ் கிராஸ் வானத்துச் சூரியன். எட்வர்டின் சின்னமாகிய சூரியன். அந்நாடகத்தின் முடிவில், பாஸ்வொர்த் போர் தொடங்கும் காலையில், இன்று சூரியனைக் கண்டவர் யார் என்று ரிச்சர்டு வினவுகின்றான். கண்டவர் எவருமில்லை. மூன்று சூரியன்களோடு எழுந்த குடி, ஒரு சூரியனும் இல்லாத வானின்கீழ் முடிகின்றது. இவ்வளவு நீண்ட இழையை ஒரு வேடிக்கைக் காட்சியிலிருந்து எவரும் நூற்றல் இயலாது.

குறைகள்

இனிக் குறைகளையும் கூறுதல் கடனாகும். மோர்டிமர்ஸ் கிராஸ் போரிற் சிறைப்பட்டு ஹெரஃபோர்டு நகரில் தலை வெட்டப்பட்டவன் ஓவன் டியூடர். அவனுடைய பேரனே பாஸ்வொர்த்தில் ரிச்சர்டை வென்று அரசனான ஏழாம் ஹென்றி. மூன்று சூரியன்கள் யார்க் குடிக்கு வெற்றி தந்த களத்திலேயே அக்குடியை வீழ்த்தப்போகும் பகையும் வித்திடப்பட்டது. இப்பேருண்மையைக் கவிஞர் தொடவே இல்லை. அவ்வாறே 1471 ஏப்ரல் 14ஆம் நாள் பார்னெட் போரில், மூடுபனியினூடே தம் நட்புப்படையின் விண்மீன் சின்னத்தை எட்வர்டின் சூரியச் சின்னமெனப் பிறழ உணர்ந்து, வார்விக் கோமகனின் வீரர் தம்மவரையே தாக்கினர் என்று வார்க்வொர்த் பெயரால் வழங்கும் குறிப்பேடு கூறுகின்றது. அடையாளத்தைத் தவறாகப் படித்தல் என்பதே கருவாக அமைந்த நாடகத்துக்கு இதனினும் ஏற்ற நிகழ்ச்சி எது? கவிஞர் பார்னெட் போரைக் காட்டியும் இதனை விட்டுவிட்டார். இவை இரண்டும் இந்நாடகத்தின் இழப்புகள் என்றே கருதுகின்றோம்.

எனினும் ஒரு சொல்லுக்காக அவரைப் பாராட்டாமல் இருத்தல் இயலாது. பாஸ்வொர்த்தில் இருண்ட வானைக் கண்டு ஒரு கணம் நடுங்கிய ரிச்சர்டு, உடனே தெளிவுற்று, என்மீது சினக்கும் இதே வானந்தானே என் பகைவன் மீதும் கவிந்திருக்கின்றது என்கின்றான். கொடியவன் வாயிலிருந்து பிறந்தாலும் அது மெய்ம்மொழி. 1461இல் அதனை எவரும் கூறவில்லை. அன்று மோர்டிமர்ஸ் கிராஸில் தோன்றிய மூன்று சூரியன்கள் யார்க் படைக்கு மட்டும் தோன்றியவை அல்ல. எதிரே நின்ற லங்காஸ்டர் வீரர்களும் தத்தம் கண்ணளவில் அவற்றைக் கண்டிருப்பர். ஒரு தலைவன் அதனைத் தனக்கெனப் பொருள் கூறினான். அவன் வென்றமையால் அவன் கூறிய பொருள் நூலேறியது. தோற்று மடிந்தவர்கள் அம்மூன்று சூரியன்களைப் பற்றி என்ன எண்ணினர் என்பதை எந்தக் குறிப்பேடும் எழுதிவைக்கவில்லை. இந்நாடகத்தைப் படிக்கும் நம் இளைஞர்கள் அவர்களையும் நினைத்துக்கொண்டு இக்காட்சியைப் படிப்பார்களாக.